கணக்கோடு பொருளியலும்: புத்தளம் கரையில் வணிகக் கல்வி வந்த வழி

வணிகப் பட்டம் படிக்கும் மாணவர் பொருளியலைத் துணைப்பாடமாகச் சேர்த்துக்கொள்வது இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான காரியம். ஆனால் இந்த இரண்டு படிப்புகளும் வெவ்வேறு வாசல்கள் வழியாக நாட்டுக்குள் வந்தவை. கணக்கு எழுதுவதும், சரக்கு வாங்கி விற்பதும், கடன் கொடுத்து வசூலிப்பதும் கடையிலும் வாடியிலும் பழகிய தொழில்கள். அவற்றைப் பாடமாக்கியவை வணிகப் பரீட்சைகளும் தொழில்முறை வகுப்புகளும். விலை ஏன் ஏறி இறங்குகிறது, வரியின் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது, ஓர் ஊரின் தொழில் ஏன் வளர்கிறது அல்லது நசிகிறது என்று கேட்கும் பொருளியல், பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் வரலாற்றுக்கும் அரசியலுக்கும் பக்கத்தில் இடம்பிடித்தது. இரண்டும் ஒரே மாணவரின் பாடத்திட்டத்தில் சேர்ந்து அமர்வதற்குப் பல தலைமுறைகள் சென்றன.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்துக்கு இந்தச் சேர்க்கை மிகவும் தேவைப்பட்டது. தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே மோதரகம் ஆறு வரை நீளும் இந்தக் கரையில் உப்பு, தென்னை, கரைவலை, கருவாடு, இறால் என்று தொழில்கள் பல. இவற்றின் இலாபநட்டத்தைத் தீர்மானித்தவற்றில் பெரும்பகுதி கடைக்கணக்குக்கு வெளியே இருந்தது. அரசின் தனியுரிமை, ஏற்றுமதிச் சந்தை, நாணயமாற்று வீதம், களப்பின் நீர் ஆகியவை எந்தப் பேரேட்டிலும் ஒரு வரியாக எழுதப்படுவதில்லை. ஆனாலும் பேரேட்டின் கடைசி வரியை மாற்றியவை அவைதான்.

இந்தக் கரையின் வணிகம் மிகப் பழையது. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பட்டாலா’ என்ற ஊரைப் புத்தளம் என்றே பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியை அங்கே சந்தித்த அவர், வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்ததை எழுதிவைத்தார். மாபார், மலபார் நாட்டு மக்கள் அந்தக் கட்டைகளை எடுத்துச் சென்றார்கள்; பதிலுக்கு மன்னனுக்குத் துணியும் அதுபோன்ற பொருள்களும் கொடுத்தார்கள். காசு கைமாறாத இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் துறைமுக உரிமை, அரசனின் பங்கு, வெளிநாட்டுத் தேவை என்று பொருளியல் விடயங்கள் பல அடங்கியிருந்தன.

கண்டி இராச்சியத்துக்குப் புத்தளம் கடலுக்கான வாசல்களில் ஒன்று. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்குப் போயின. மலைநாட்டிலிருந்து பாக்கு கீழே இறங்கியது. முஸ்லிம் வியாபாரிகள் மாடுகளின் முதுகில் பொதியேற்றித் தவளமாகக் காட்டுப்பாதையில் இந்த வணிகத்தை நடத்தினார்கள். ஒல்லாந்தர் இதை நன்றாகவே கவனித்தார்கள். களப்பின் வாயைக் கட்டுப்படுத்தும் கற்பிட்டியில் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். அங்கிருந்து கண்டிக்குப் போகும் சரக்கையும் கண்டியிலிருந்து வரும் சரக்கையும் கண்காணிக்க முடிந்தது. கண்டியோடு நடந்த போருக்குப் பின் 1766இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆயினும் கண்டி மக்கள் கடற்கரை உப்பளங்களில் உப்பு அள்ளிச் செல்லும் உரிமை அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. உப்பை மறித்தால் மலைநாட்டை மறித்ததாகும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. மாற்றீடு இல்லாத பண்டத்தின் விலை ஏறினாலும் அதை வாங்குவது அதிகம் குறையாது என்று பொருளியல் மாணவர் இன்று படிக்கும் பாடத்தை இந்த உடன்படிக்கையிலேயே காணலாம்.

அந்தக் காலத்து வணிகக் கல்வி வீட்டிலும் கடையிலும் நடந்தது. தமிழ் ஊர்களில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடமாயிற்று. முந்திரி, காணி, மா என்று கீழ்வாயிலக்கம் வரை பிள்ளைகள் ஒப்பித்தார்கள். முஸ்லிம் ஊர்களில் மத்ரசாவில் வாரிசுரிமைப் பங்கீடும் சக்காத்துக் கணக்கும் கற்பிக்கப்பட்டன. இறந்தவரின் சொத்தை மனைவி, மகன், மகள், பெற்றோர் என்று உரிய பின்னங்களில் பிரிப்பதற்கு நல்ல கணித அறிவு வேண்டும். புத்தளத்தின் காசிமிய்யா அரபுக் கல்லூரி இத்தகைய மார்க்கக் கல்வியின் பழைய நிலையங்களுள் ஒன்று. எஞ்சிய படிப்பு கல்லாப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து கற்றதுதான்.

கடற்கரையில் இந்தக் கல்வி எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பதற்குக் கரைவலை சான்று. உடப்பு முதல் கற்பிட்டி வரை கடலோர ஊர்களில் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர் சம்மாட்டி. வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் நிறுத்திவிட்டு, தோணியில் கடலுக்குப் போய் அரைவட்டமாக வலையை வளைத்து, மறு முனைக் கயிற்றை வேறோரிடத்தில் கரைசேர்ப்பார்கள். பிறகு இருபுறமும் ஆட்கள் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். மடி கரையேறியதும் மீன் அங்கேயே விலைபோகும். விற்ற காசிலிருந்து செலவை முதலில் கழிப்பார்கள்; மிச்சத்தைச் சம்மாட்டியின் பங்கு, இழுத்தவர்களின் பங்கு என்று பிரிப்பார்கள். விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடும். மீன் படாத நாளில் இழுத்தவருக்குக் கூலி இல்லை. அவர் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்குவார், அந்தக் கடன் அடுத்த பருவத்துக்கும் அவரை அதே வலையில் கட்டிப்போடும். ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் கடனால் தொழிலாளியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடும் ஒரே கணக்கில் இருந்தன. கணக்கு வைத்தவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். அந்தப் பங்குமுறை ஏன் அப்படி அமைந்தது, அதை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்பதற்குத்தான் வேறொரு படிப்பு தேவைப்பட்டது.

அந்தத் திசையில் முதல் அடி எடுத்துவைத்தவராகக் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியைக் கொள்ளலாம். புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றியவர்; சட்டநிரூபண சபையில் உறுப்பினராக இருந்தவர்; 1845இல் இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர். தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் ‘தமிழ் புளூட்டார்க்’ நூலால் இலக்கிய உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. வணிகக் கல்வியின் வரலாற்றில் நின்று பார்த்தால் அவர் 1834இல் வெளியிட்ட ‘சிலோன் கசற்றியர்’ அதைவிட முக்கியமானது. ஊர்கள், ஆறுகள், மக்கள், விளைபொருள், வணிகம் என்று தீவு முழுவதையும் அகரவரிசையில் அடுக்கிய நூல் அது. தன் ஊரின் சந்தையை நாட்டின் ஏனைய சந்தைகளோடு ஒரே நூலில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அதற்கு முன் இந்தக் கரையில் பிறந்தவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. பொருளியல் என்ற துறை இலங்கையில் கற்பிக்கப்படாத காலத்தில், அத்துறைக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டும் வேலையைக் கற்பிட்டியில் பிறந்த ஓர் அரச அலுவலர் செய்து முடித்திருந்தார். அவருக்குப் பாடசாலைகளில் கிடைத்திருக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாகவே தொடர்ந்தது. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தங்களின்போது இராசகாரியம் என்ற கட்டாய ஊழியமும் பழைய வணிகத் தனியுரிமைகளும் கைவிடப்பட்டன. உப்பு மட்டும் விடுபடவில்லை. 1890இல் உப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. உரிமம் பெற்றவர் உப்பு விளைவித்து அரசுக்கு நிர்ணயித்த விலைக்குக் கொடுக்க வேண்டும். அரசு அதைக் களஞ்சியத்தில் வைத்துக் கூடிய விலைக்கு விற்கும். இடையிலுள்ள வித்தியாசம் அரச வருமானம். ஏழையும் செல்வரும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பே உண்பதால், வருமானத்தோடு ஒப்பிட்டால் இந்த வரி ஏழையையே கூடுதலாகத் தாக்கியது.

உப்பளத்தின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும். களப்பு நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குவார்கள். வெயிலும் காற்றும் நீரை வற்றவைக்க வற்றவைக்க, அடர்ந்த நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றப்படும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும். நீரின் அடர்த்தியை அளக்கும் மானியில் ஏறக்குறைய 25 பாகை காட்டும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் மகனீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். அதற்கு முன் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் எதிர்பாராத ஒரே மழை பாத்தி முழுவதையும் கரைத்துவிடும். ஆகவே உப்பளக்காரரின் பெரிய முடிவு எப்போது வாருவது என்பதுதான். இன்னும் சில நாள் பொறுத்தால் விளைச்சல் கூடும். பொறுத்திருக்கும்போது மழை வந்தால் எல்லாம் போகும். எதிர்பார்க்கும் ஆதாயத்தையும் இழப்பின் சாத்தியத்தையும் எடைபோடும் இந்த முடிவைப் பொருளியல் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொன்னால் உப்பளங்கள் உள்ள பாலாவியின் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டியிராது.

மாவட்டத்தின் தெற்கில் கதை தென்னையைச் சுற்றியது. சிலாபம், மாரவில, வென்னப்புவ என்று நீளும் தோட்டங்கள் கொழும்பு, குருநாகல், புத்தளம் ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட தென்னை முக்கோணத்தின் ஒரு பக்கம். நீர்கொழும்புக்கு 1909இல் வந்த ரயில் பாதை 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. கொப்பறாவும் எண்ணெயும் கொழும்பு வழியாக உலகச் சந்தைக்குப் போயின. அதனால்தான் 1929க்குப் பின் உலகெங்கும் விலைகள் சரிந்தபோது அந்த வீழ்ச்சி மாரவிலத் தோட்டத்தையும் தொட்டது. தற்செயலாக அதே 1929இல்தான் லுணுவிலவில் பண்டிரிப்புவத் தோட்டத்தில் தென்னை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்றைய தென்னை ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சி. மண்ணையும் பூச்சியையும் ஆராயத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் பிற்காலத்தில் விவசாயப் பொருளியலுக்கும் விவசாய வணிக முகாமைத்துவத்துக்கும் சேர்த்து ஒரே பிரிவு அமைந்தது. கரையோரத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இரண்டு துறைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தது கவனிக்கத்தக்கது. தேங்காயின் விலையை அறியாமல் தென்னையின் செலவைக் கணக்கிடுவதில் பயன் குறைவு என்பதை அனுபவம் கற்பித்திருந்தது.

வெளியுலகில் வணிகமும் பொருளியலும் கல்லூரிப் பாடங்களானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். 1881இல் பிலடெல்பியாவில் ஜோசப் வார்ட்டன் நிறுவிய பள்ளியின் தொடக்கப் பெயரிலேயே நிதியும் பொருளியலும் சேர்ந்திருந்தன. இங்கிலாந்தில் பாதை பிரிந்தது. கேம்பிரிட்ஜில் ஆல்பிரட் மார்ஷல் 1903இல் பொருளியலைத் தனிப் பட்டப்படிப்பாக நிலைநாட்டினார். அதே ஆண்டுகளில் பர்மிங்காமில் வில்லியம் ஆஷ்லி தலைமையில் வணிகவியல் தனிப் பீடமாக வளர்ந்தது. இந்தியாவில் 1913இல் பம்பாயில் சிடனம் வணிகவியல் கல்லூரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915இல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேற்றர் மாணவர்களைத் தங்கள் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பி நிலம், கூலி, கடன் பற்றிய விவரங்களைத் திரட்டச் சொன்னார். புத்தளம் போன்ற ஒரு கரைக்கு மிகவும் பொருந்தியிருக்கக்கூடிய முறை அது. ஆனால் இலங்கை பின்பற்றியது லண்டனைத்தான்.

1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு மாணவரைத் தயார்செய்தது. சிறப்புப் பட்டம் என்றால் ஒரு துறையில் ஆழமான படிப்பு, அதோடு ஒரு துணைப்பாடம் என்ற லண்டன் மரபு அதன் வழியாகவே இங்கே பழக்கமானது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது பொருளியல் கலைப்பீடத்தின் துறைகளுள் ஒன்றாயிற்று. அதன் முதல் பேராசிரியர் பி. பி. தாஸ் குப்தா இலங்கையின் பொருளாதாரம் பற்றி 1949இல் ஒரு சுருக்கமான நூல் எழுதினார். 1950 ஆகஸ்ட் 28ஆம் திகதி மத்திய வங்கி திறக்கப்பட்ட பின் பொருளியல் பட்டதாரிக்கு ஒரு நிறுவனமும் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி ஆண்டுதோறும் ஓர் அறிக்கையும் கிடைத்தன.

வணிகக் கல்வி அப்போது வேறொரு தெருவில் இருந்தது. ஆங்கிலப் பாடசாலைகளில் ‘கொமர்ஸ்’ என்றால் கணக்குப்பதிவு, சுருக்கெழுத்து, தட்டச்சு. லண்டன் வணிகச் சபைப் பரீட்சைச் சான்றிதழ் கையிலிருந்தால் கொழும்பில் எழுதுவினைஞர் வேலை கிடைக்கும். கந்தோர் நடத்தத் தெரிந்த ஆளை உருவாக்கியது ஒரு படிப்பு. அரசின் கொள்கையை விளங்கிக்கொள்ளும் ஆளை உருவாக்கியது மற்றது. முதலாவதைப் படித்தவர் கொப்பறாக் கடையில் கணக்கர் ஆனார். இரண்டாவதைப் படித்தவர் கொப்பறா ஏற்றுமதி வரியைத் தீர்மானிக்கும் திணைக்களத்தில் உட்கார்ந்தார். புத்தளம் கரையிலிருந்து இந்த இரண்டாவது இடத்துக்குப் போனவர்கள் மிகச் சிலரே. அந்தப் பிரிவினை கரையோரத்துக்குச் செய்த தீங்கு சிறியதன்று.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஏ. எம். ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவினார். பல்கலைக்கழகம் போக வசதியற்ற முஸ்லிம் மாணவருக்கு அது கைகொடுத்தது. வியாபாரம் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு மேற்படிப்பு எதற்கு என்ற எண்ணம் வணிகக் குடும்பங்களில் வலுவாக இருந்த காலம் அது. பாடசாலைகள் தாய்மொழிக்கு மாற, 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பீடப் பாடங்களும் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படலாயின. கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி, தனியுரிமை என்று பொருளியலைத் தமிழில் படித்த முதல் தலைமுறை உருவாயிற்று. ஆங்கிலம் நன்கு வாய்க்காத கரையோரப் பாடசாலைகளுக்கு அந்தத் துறை திறந்துவிடப்பட்டது இந்த மாற்றத்தால்தான்.

1959 வணிகக் கல்விக்கு முக்கியமான ஆண்டு. பட்டயக் கணக்காளர் நிறுவகம் அந்த ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. வித்தியோதய பிரிவேனா பல்கலைக்கழகமானதும் அதே ஆண்டில்தான். பின்னர் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் என்ற பெயரில் அது வணிக, முகாமைத்துவக் கல்வியின் பெரிய மையமாக வளர்ந்தது. அங்கே வணிகப் பொருளியலுக்கென்று முகாமைத்துவப் பீடத்துக்குள்ளேயே ஒரு துறை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதிப் பீடத்திலும் அவ்வாறே. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறை வணிக, முகாமைத்துவப் பீடத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது கலைப்பீடத்தில் நின்றது. ஒரே பாடத்துக்கு நாட்டுக்குள்ளேயே இரண்டு வகை வீடுகள் அமைந்தன என்பது, இந்த இரு துறைகளின் உறவு இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

பாடசாலையில் அந்த உறவு முன்னதாகவே தீர்ந்துவிட்டது. உயர்தர வணிகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றும் ஒன்றாக நின்றன. 2000ஆம் ஆண்டு முதல் உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டபோது இந்த மூன்றும் சேர்ந்த தொகுதியே வணிகப் பிரிவின் வழக்கமான வடிவமாயிற்று. புத்தளம் கரையோரத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்க ஆய்வுகூடமும் பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர்களும் வேண்டும். அந்த வசதியுள்ள பாடசாலைகள் 1ஏபி வகை. கலையும் வணிகமும் மட்டும் நடத்தும் பாடசாலைகள் 1சி வகை. களப்போரத்துச் சிறிய ஊர்களில் 1சி பாடசாலையே எட்டும் தூரத்தில் இருந்தது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் பலருக்கு வணிகப் பிரிவே பல்கலைக்கழகத்துக்கான பாதை ஆயிற்று.

பல்கலைக்கழக அனுமதியில் 1970களில் மாவட்ட அடிப்படை வந்தது. இன்றைய ஏற்பாட்டில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று. கொழும்புக்கு ரயில் ஓடும் ஒரு மாவட்டம் இந்தப் பட்டியலில் இருப்பது வருத்தத்துக்குரியது. ஆனால் பாடசாலைகளின் நிலையை அறிந்தவர் அதை மறுக்கமாட்டார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தப் பாடசாலைகளின் சுமை இன்னும் கூடியது. ஏறக்குறைய 75,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தார்கள். உப்பளத்திலும் தோட்டத்திலும் கூலிக்கு ஆள் கூடியது, நிலத்துக்கும் கிணற்று நீருக்கும் போட்டி கூடியது, வகுப்பறைகள் நிரம்பின. வந்தவர்களில் கடை நடத்தியவர்களும் நிலம் வைத்திருந்தவர்களும் ஏராளம். கையில் முதல் இல்லாமல், தொழிலறிவு மட்டும் மிஞ்சிய ஒரு சமூகத்தின் பிள்ளைகள் வணிகப் பிரிவு வகுப்புகளில் சேர்ந்தார்கள்.

தமிழில் படித்த அந்தப் பிள்ளைகளுக்கு 1995இல் கல்லூரியாகவும் 1996இல் பல்கலைக்கழகமாகவும் அமைந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் முகாமைத்துவ, வணிகப் பீடத்தோடு ஒரு வாசலைத் திறந்தது. வடமேல் மாகாணத்துக்கென 1999இல் வயம்பப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் வணிகக் கற்கை, நிதிப் பீடம் குளியாப்பிட்டியில் இருக்கிறது. கரையோரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வணிகப் பட்டம் கிடைக்கக்கூடிய நிலை அதன்பின்தான் உண்டானது. இதற்கு முன்பே, 1988இல், ரொனி டி மெல்லுக்குப் பின் நாட்டின் நிதியமைச்சராகப் புத்தளத்தின் எம். எச். எம். நெயினா மரிக்கார் பதவியேற்று 1989 வரை இருந்தார். உப்புக்கு விலை விதித்த அரசின் திறைசேரியை உப்பு விளையும் ஊரின் மகன் ஒருவர் நடத்திய காலம் அது.

பருவமுறையும் திறமைப்புள்ளி முறையும் பல்கலைக்கழகங்களில் பரவியபின் துணைப்பாடம் என்பது எண்ணிக்கையில் அளக்கக்கூடியதாயிற்று. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 திறமைப்புள்ளிகள், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு புள்ளி என்பது விரிவுரை, பயிற்சி, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்ந்து 50 மணி நேரக் கற்றல். வணிகப் பட்டங்கள் பெரும்பாலானவற்றில் நுண்பொருளியலும் பேரினப் பொருளியலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் கட்டாயப் பாடங்களாக வந்துவிடும். ஆனால் அந்த இரண்டு பாடங்களோடு நிறுத்துபவருக்குக் கிடைப்பது வரைபடங்களின் அறிமுகம் மட்டுமே. பொது நிதி, சர்வதேச வர்த்தகம், அபிவிருத்திப் பொருளியல், வளம் மற்றும் சூழல் பொருளியல், புள்ளிவிபரங்களைக் கொண்டு பொருளியல் உறவுகளை அளக்கும் முறை ஆகியவற்றில் சிலவற்றையேனும் தொடர்ந்து படித்தால்தான் அது துணைப்பாடம் என்ற பெயருக்குத் தகும். கணிதத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவிட்ட வணிக மாணவருக்கு இங்கேதான் சிரமம். அந்த இடைவெளியை நிரப்பும் கணிதப் பாடத்தை முதலாம் ஆண்டிலேயே எடுப்பது நல்லது.

அந்தப் பாடங்கள் கரையோரத்தில் எதற்கு உதவும் என்பதை இறால் வளர்ப்பு கசப்பாகக் காட்டியது. 1980களில் சிலாபம், முந்தல், புத்தளம் வட்டாரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. தனிப் பண்ணையின் கணக்கில் இலாபம் அமோகம். வங்கிகள் கடன் கொடுத்தன. கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. பண்ணைகள் நீரெடுத்ததும் கழிவுநீரை விட்டதும் ஒரே ஒல்லாந்தர் கால்வாயிலும் களப்பிலும்தான். ஒருவர் குளத்து நோய் அடுத்தவர் குளத்துக்குப் போகும் செலவு எவருடைய பேரேட்டிலும் பதியவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது கணக்கைச் சுத்தமாக வைத்தவர்களும் சேர்ந்தே நட்டப்பட்டார்கள். பொருளியல் இதைப் புறவிளைவு என்று முதலாண்டுப் பாடத்திலேயே சொல்கிறது. பின்னர் 1998இல் சட்டத்தால் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து வலய வாரியாகக் காலம் குறித்து இறால் விடும் முறையை ஏற்படுத்தின. பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதிசெய்து காக்க முடியும் என்று காட்டிய எலினோர் ஒஸ்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவருடைய முக்கிய நூலில் இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்ல ஊரின் கரைவலை, வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியாமல் தோற்ற உதாரணமாக வருகிறது. உடப்பு மாணவர் ஒருவர் அந்த அத்தியாயத்தைப் படித்தால் தன் ஊரின் கடற்கரையை வேறு கண்ணோடு பார்ப்பார்.

2022இன் நெருக்கடி எல்லோரையும் பேரினப் பொருளியல் வகுப்பில் உட்காரவைத்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயமாற்று வீதம் 360ஐ எட்டியது. கற்பிட்டி மீனவரின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெய், ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. மானியத்தை நீக்கியதற்கு அரசின் பக்கத்தில் காரணம் இருந்தது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று நின்றவரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மீன்பிடிக் குடும்பத்தின் கணக்கை எழுதத் தெரிந்தவர், நாட்டின் சென்மதி நிலுவையையும் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் மட்டுமே, நேரடி உதவி எவ்வளவு, யாருக்கு, எந்த வழியில் என்று பயனுள்ளதாக வாதாட முடியும்.

உப்பும் மறுபடி பாடம் கற்பித்தது. 1957க்குப் பின் உப்பு உற்பத்தி அரச கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போய், பிற்காலத்தில் கம்பனிகளிடமும் தனியார் உப்பளக்காரரிடமும் வந்திருந்தது. 1995இல் அயடீன் சேர்ப்பது கட்டாயமானபோது, இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறு உற்பத்தியாளர் பெரியவர்களுக்கு மொத்தமாக விற்கும் நிலை வலுப்பட்டது. பருவம் தவறிய மழையால் விளைச்சல் கெட்டு, 2025இல் நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. கடைகளில் விலை ஏறியது. விலை ஏறிய நேரத்தில் புத்தளம் உப்பளக்காரரிடம் விற்க உப்பு இல்லை. அடுத்த விளைச்சல் வந்தபோது இறக்குமதி உப்போடு போட்டியிட வேண்டியிருந்தது. இருப்பு வைப்பதற்கான களஞ்சியச் செலவு, இறக்குமதி வரியின் அளவு, அனுமதி கொடுக்கும் காலம், மழைக்கான காப்புறுதி ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வேலை அங்கே செய்யப்படாமல் கிடக்கிறது. கிரயக் கணக்கீட்டோடு வர்த்தகக் கொள்கையும் படித்த ஒரு பட்டதாரிக்கு, ஆய்வுக் கட்டுரைக்கான பொருள் தேடிப் பாலாவியைத் தாண்டிப் போக வேண்டிய தேவை இல்லை.